கால்வாய்த் தெருப் பூட்டுகள்

சந்தை முனையில் ஒரு பெரிய குடையை நட்டு, அதன் நிழலில் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் சாவிக்காரர். அவரிடம் வாரம் தவறாமல் ஒரு பெரியவர் வருவார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். "தம்பி, வீட்டுச் சாவி எங்கேயோ விழுந்துடுச்சு" என்று ஒவ்வொரு முறையும் முதல் தடவை சொல்வது போலவே சொல்வார். அவருடைய ஞாபகம் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

யார் வீட்டுச் சாவிக்கும் நகல் எடுத்து வைத்துக்கொள்வதில்லை என்பது சாவிக்காரர் தம் தொழிலில் வைத்திருந்த விரதம். அந்தப் பெரியவருக்காக மட்டும், அவருடைய மகளிடம் கேட்டுக்கொண்டு, சில சாவிகளை முன்கூட்டியே வெட்டிப் பெட்டியின் அடித்தட்டில் போட்டு வைத்திருந்தார். ஆனால் கேட்டவுடன் எடுத்து நீட்ட மாட்டார். "உக்காருங்க ஐயா, இதோ வெட்டித் தரேன்" என்று சொல்லி, வேறொரு இரும்புத் துண்டை இடுக்கியில் பிடித்து, அரத்தால் கரகரவென்று ராவுவார். ஊதுவார், வெயிலில் தூக்கிப் பார்ப்பார், மறுபடியும் ராவுவார். பிறகுதான் அடித்தட்டுச் சாவியை எடுத்துத் துடைத்து, பெரியவர் உள்ளங்கையில் வைப்பார்.

இதைப் பலமுறை பார்த்தவன் சாவிக்காரரின் மைத்துனன். லோடு வண்டி ஓட்டுகிறவன். கோழி குறுக்கே வந்தாலும் அடிப்பான், வராவிட்டாலும் அடிப்பான் என்பதால் ஊரில் அவனுக்கு ஹாரன் என்றே பெயர்.

"சும்மா கிடக்கிற இரும்பைப் போட்டு இந்த ராவு ராவுறீங்களே மாமா, அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"வெட்டி வச்சிருக்கேன்னு தெரிஞ்சா அவர் மனசு சுருங்கிடும் மாப்ள. நாம தொலைக்கிறது இவனுக்கும் தெரிஞ்சுபோச்சேன்னு நினைப்பார். இரும்புக்கு என்ன, அது தாங்கும்" என்றார் சாவிக்காரர்.

அவ்வளவுதான் பேச்சு. அதிகம் பேசுகிற ஆள் இல்லை அவர். காலையில் குடையை விரிக்கும் முன் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பார். என்ன வேண்டுகிறார் என்று ஹாரன் ஒருநாள் கேட்டதற்கு, "என் கையால திறக்கிற கதவு எதுவும் தப்பான ஆளுக்குத் திறக்கக் கூடாதுன்னு" என்றார். ஹாரனுக்கு அப்போது அது பெரிய வேண்டுதலாகத் தெரியவில்லை.

அந்த வருஷம் மழை பிடித்தபிடி விடவில்லை. ஊரின் தாழ்வான பக்கத்தில் கால்வாயை ஒட்டி ஒரு தெரு. ஒருநாள் மத்தியானம் கால்வாய் கரையை உடைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குள் புகுந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நிற்பதற்குள் இடுப்பளவு வந்துவிட்டது என்பார்கள். மீட்க வந்தவர்கள் கதவுகளை உடைத்தும், பூட்டுகளை நெம்பியும் ஆட்களைத் தூக்கிப் படகில் போட்டார்கள். ஆண்டவன் கருணை, உயிர் ஒன்றும் போகவில்லை. எல்லோரும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். தண்ணீர் வடிந்ததும் வீடு திரும்பினார்கள். திரும்பி வந்த இடத்தில் சேறும் நாற்றமும்தான் இருந்தன.

உதவிக்குக் குறைவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் மத்தியானச் சாப்பாடு போட்டார்கள். துணி வந்தது, தண்ணீர் வந்தது. ஹாரனும் யாரோ கொடுத்த போர்வைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, மாமாவையும் கூட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய் நின்றான். வழக்கம்போல ஹாரனை அலறவிட்டான். சில பேர் வந்தார்கள். பல வீடுகளிலிருந்து யாரும் வரவில்லை. ஆனால் வீடுதோறும் வாசலில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

சாவிக்காரர் போர்வைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தார். முதல் வீட்டு வாசலில் ஈர முக்காலி ஒன்றில் தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார்.

"வண்டி நிக்குதேம்மா, வந்து வாங்கிக்கக் கூடாதா?"

"நான் எந்திரிச்சு வந்தா உள்ள இருக்கிற தையல் மிஷினை யாரு பாத்துக்குவா, நீங்களா? கதவைப் பாருங்க. இழுத்துச் சாத்தலாம், பூட்ட முடியாது. கடைசி வீட்டுல அடுப்பையே தூக்கிட்டுப் போயிட்டாங்க. தண்ணி வடிஞ்ச நாள்லேருந்து இந்த முக்காலிதான் எனக்கு ஊரு, உலகம் எல்லாம்."

"வேலைக்கு?"

"வேலைக்கா? என்னை விடுங்க. பக்கத்து வீட்டு நர்ஸம்மா ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். எனக்கும் சேர்த்துப் பாருங்கன்னு சொல்லிட்டு ஓடும், பாதி வழியில பயந்து திரும்பி வந்துடும். என் மக மைதானத்துல போய் வரிசையில நின்னாத்தான் எனக்குச் சாப்பாடு. அவ வரிசையில நின்னா பள்ளிக்கூடம் இல்லை. போர்வை குடுக்கிறீங்க, நல்லா இருங்க. போர்த்திக்கிட்டும் இங்கேயேதான் உக்காரணும்."

சாவிக்காரர் கதவு நிலையில் பிய்ந்து தொங்கிய கொண்டியை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்தார். தெரு முழுக்க ஒரு பார்வை பார்த்தார். பூட்டாத வீடு ஒவ்வொன்றும் ஓர் ஆளைக் கட்டிப்போட்டிருந்தது.

"மாப்ள, போர்வையை இறக்கிட்டு வண்டியைத் திருப்பு. பெட்டியை எடுக்கணும்" என்றார்.

சந்தையில் இரும்புக்கடைக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய கிடங்கிலும் தண்ணீர் புகுந்து, மூட்டை மூட்டையாகப் பூட்டுகள் சேற்றில் ஊறிக் கிடந்தன. பூட்டு ஒரு பக்கம், சாவி ஒரு பக்கம். விற்கவும் முடியாது, வீசவும் மனசில்லை. "கொண்டுபோங்க, புண்ணியமாப் போகும்" என்று சாக்கோடு கொடுத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து கால்வாய்த் தெரு முனையில் சாவிக்காரர் ஒரு படுதாவை விரித்து உட்கார்ந்தார். பூட்டைப் பிரிப்பார். உள்ளிருக்கும் சின்னத் தகடுகளையும் ஸ்பிரிங்கையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைப்பார். துருப்பிடித்ததைத் தள்ளிவிட்டுப் புதிதாக வெட்டிப் போடுவார். அதற்கேற்ப சாவி ராவுவார். நடுவில் எழுந்துபோய், பிய்ந்த கொண்டிகளைக் கதவில் அறைந்துவிட்டு வருவார். அவர் மனைவி, அதாவது ஹாரனின் அக்கா, சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தாள்.

"நம்ம வீட்டுப் பின்கதவுத் தாழ்ப்பாள் எத்தனை நாளா ஆடுது, கேளுடா உன் மாமாவை. அதைச் சரி பண்ணணும்னா நம்ம வீட்டுக்குள்ளயும் தண்ணி வரணும் போல."

"அக்கா, சாப்பாடு போட்டவங்க படம் எடுத்துக்கிட்டுப் போறாங்க. துணி குடுத்தவங்க படம் எடுத்துக்கிட்டுப் போறாங்க. நாங்க சுத்தியலும் கம்பியுமா வீடு வீடா கதவை நோண்டிக்கிட்டு நிக்கிறோம். படம் எடுத்தா நேரா போலீஸ் ஸ்டேஷன்லதான் மாட்டுவாங்க" என்றான் ஹாரன்.

சாவிக்காரர் சிரித்துக்கொண்டே ராவினார். ஆனால் அவர் கண் தெருவிலேயே இருந்தது. வாசல்களில் ஆட்கள் காத்திருந்தார்கள். ஒவ்வொரு பூட்டுக்கும் தகடுகளை வேறு வேறு வரிசையில் அடுக்குவதுதான் முறை. அப்போதுதான் ஒரு சாவி ஒரு பூட்டுக்கு மட்டும் சேரும். அப்படிச் செய்தால் மழைக்காலமே முடிந்துவிடும் என்று தோன்றியது. அதனால் ஒரு சில வரிசைகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரே வரிசைப் பூட்டுகளைத் தனித்தனிக் குவியலாகப் படுதாவில் பிரித்து வைத்தார். ஒரு குவியலிலிருந்து இந்தக் கோடிக்கு ஒன்று, அந்தக் கோடிக்கு ஒன்று என்று கொடுத்தால் பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒரே சாவி வராது என்பது கணக்கு. இதை அவர் ஹாரனிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

அவர் தெருக்கோடியில் ஒரு கதவைச் சரி செய்துகொண்டிருந்தபோது தூறல் போட்டது. ஹாரன் பதறிப்போய் எல்லாக் குவியலையும் ஒரே கூடையில் வாரிப் போட்டு வண்டிக்கடியில் தள்ளினான். ஜனங்கள் சூழ்ந்துகொண்டார்கள். "எங்க வீட்டுது ஆச்சா, எங்க வீட்டுது ஆச்சா" என்று கை நீட்டினார்கள். கை நீட்டியவர்களுக்கெல்லாம் பூட்டும் சாவியுமாக எடுத்துக் கொடுத்தான். கொடுக்கக் கொடுக்க அவனுக்கே பெருமையாக இருந்தது. சாவிக்காரர் நனைந்துகொண்டு திரும்பி வந்தபோது கூடை பாதி காலியாகியிருந்தது. அவர் கூடையைப் பார்த்தார், ஹாரனைப் பார்த்தார், "சரி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து அடுத்த பூட்டைக் கையில் எடுத்தார்.

தெரு அவிழ்ந்தது. தையல்காரம்மா முக்காலியைவிட்டு எழுந்தார். நர்ஸம்மா ஆஸ்பத்திரிக்குப் போனார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். இரும்புக்கடைக்காரர் தெருப் பக்கம் வந்து பார்த்துவிட்டு, தன் பூட்டு தொங்கும் வாசல்களைப் பிள்ளைகளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஒருநாள் மாலை, ஹாரன் தண்ணீர் கேன்கள் இறக்கிக்கொண்டிருந்தான். தையல்காரம்மா வீட்டிலிருந்து சத்தம் வந்தது.

"என் வீட்டுக்குள்ள என்ன பண்றே நீ?"

"உங்க வீடா? ஐயோ, நான் எங்க வீடுன்னு நினைச்சு உக்காந்துட்டேன்க்கா."

வெள்ளம் சுவரில் பெயின்ட்டையும் வீட்டு எண்களையும் துடைத்துக்கொண்டு போயிருந்தது. எல்லா வீடும் ஒரே சேற்றுநிறம். இரண்டு வேளை வேலை பார்த்துவிட்டு வந்த நர்ஸம்மா, அரைத் தூக்கத்தில் ஒரு வீடு முன்னதாகவே நின்று, சாவியைப் போட்டுத் திறந்து, உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றி, தண்ணீரும் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். தையல்காரம்மா சத்தம் போட்ட பிறகுதான் தையல் மிஷின் கண்ணில் பட்டிருக்கிறது.

"அசதியில வந்துட்டே, சரி. பூட்டு எப்படித் திறந்துச்சு?" என்றார் தையல்காரம்மா.

இருவரும் சாவியை மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். அவர் சாவி இவர் பூட்டில் திரும்பியது. இவர் சாவி அவர் பூட்டில் திரும்பியது. ஹாரன் கையிலிருந்த கேனைக் கீழே வைத்தான்.

அவன் நேராகச் சந்தை முனைக்குப் போய்ச் சொன்னான். சாவிக்காரர் அரத்தைப் பெட்டியில் போட்டார்.

"அந்த ரெண்டை மட்டும் மாத்திக் குடுத்துடலாம் மாமா. ரெண்டு பேரும் நல்லவங்க, வெளிய சொல்ல மாட்டாங்க. மத்தவங்களுக்கு எப்படித் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"வெளிய சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? இவ்வளவு நாள் நம்பிப் பூட்டிக்கிட்டுப் போனவன் எல்லாம் திரும்பவும் வாசல்ல உக்காந்துடுவான். களவாணிப் பயலுக்கும் சேதி போய்ச் சேரும். அப்புறம் யாரு உங்ககிட்ட சாவி வெட்ட வருவா? சாவிக்காரனுக்குப் பேர் போச்சுன்னா வேற என்ன இருக்கு மாமா?"

"ஒண்ணும் இல்லை" என்றார் சாவிக்காரர். "அதனாலதான் சொல்லணும். பேர் போகும்னு மூடி வச்சேன்னா, அவங்க வீட்டுல எது காணாம போனாலும் அதுல எனக்குப் பங்கு உண்டு."

ஹாரன் தலையைக் குனிந்துகொண்டான். "கூடையில போட்டுக் கலக்கினவன் நான்தானே மாமா. நான் சொல்லிடுறேன்."

"நீ மழைக்குப் பயந்து வாரிப் போட்டே. உனக்கு என்ன தெரியும்? எனக்குக் கூடையைப் பார்த்த அந்த நிமிஷமே தெரியும் மாப்ள. கலந்துபோச்சு, அப்பவே எல்லாரையும் நிறுத்தித் திரும்ப வாங்கியிருக்கணும். அத்தனை பேர் சிரிச்ச முகமா பூட்டோட போறதைப் பார்த்தேன். திரும்பக் குடுங்கன்னு கேட்க வாய் வரலை. நல்ல பேரைக் கெடுத்துக்க மனசு வரலை. ஆண்டவன் பார்த்துப்பான்னு விட்டுட்டேன். ஆண்டவனா பூட்டு செஞ்சான்? நான்தானே செஞ்சேன்."

அக்காவும் சொல்லிப் பார்த்தாள். சாவிக்காரர் சாப்பிட்டு முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, "நீயும் நாளைக்கு வா. ஆள் வேணும்" என்றார். அவர் அந்தக் குரலில் பேசினால் முடிந்தது என்று அர்த்தம்.

மறுநாள் மத்தியானம் பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரும் சாப்பிட வந்திருந்தார்கள். சாவிக்காரர் லோடு வண்டியின் பின்பக்கம் ஏறி நின்றார். ஹாரன் ஒரே ஒரு தரம், மெதுவாக, ஹாரன் அடித்தான்.

"நான் குடுத்த பூட்டுல தப்பு இருக்கு. ஒருத்தர் சாவி இன்னொருத்தர் பூட்டையும் திறக்கும். வேலை சீக்கிரம் ஆகணும்னு நான் செஞ்சது. எல்லாப் பூட்டையும் திரும்பக் குடுங்க. ஒவ்வொண்ணா, உங்க கண் முன்னாடியே மாத்தித் தரேன்" என்றார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதே தெருவில் குடியிருந்த பேக்கரிக்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார்.

"உதவி பண்ண வந்தீங்களா, ஊரைக் கொள்ளை குடுக்க வந்தீங்களா? அப்போ உங்க கையில இருக்கிற சாவி எங்க எல்லார் வீட்டையும் திறக்கும், அப்படித்தானே?"

"ஆமா."

"கூசாம ஆமாங்கிறாரு பாரு."

"எங்களுக்கு எடுத்துக் குடுத்தது அதோ, அந்த வண்டிக்காரர்தானே. அவரையும் கேளுங்க" என்றது ஒரு குரல்.

கண்களெல்லாம் ஹாரன் மேல் திரும்பின. சாவிக்காரர் வண்டியிலிருந்து இறங்கி அவனுக்கு முன்னால் வந்து நின்றார். "அவன் கை நீட்டினவங்களுக்குக் குடுத்தான். கலந்தது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், தெரிஞ்சும் பேசாம இருந்தேன். என்னைப் பேசுங்க."

பேசினார்கள். நன்றாகவே பேசினார்கள். ஹாரனுக்குக் காது எரிந்தது. இலவசமாக வாங்கிக்கொண்டவர்கள் இவ்வளவு பேசலாமா என்று கோபம் வந்தது. சாவிக்காரரோ மழைக்கு ஒதுங்கி நிற்பவர் போல, பேச்சு ஓய்வதற்காக நின்றுகொண்டிருந்தார்.

ஓய்ந்ததும் சொன்னார்: "வேலைக்குப் போறவங்க போங்க. யாரும் நிக்க வேண்டாம். உங்க பூட்டு திரும்பி வர்ற வரைக்கும் உங்க வாசல்ல எங்க வீட்டு ஆள் உக்காந்திருக்கும்."

"திருடனைக் காவல் வச்ச மாதிரி" என்றார் பேக்கரிக்காரர்.

அப்போது தையல்காரம்மா எழுந்தார். சாப்பிட்ட கையை உதறிக்கொண்டு வந்து, மடியிலிருந்த சாவியை எடுத்துச் சாவிக்காரர் கையில் வைத்தார்.

"எங்க ரெண்டு பேர் பூட்டு மட்டும்தான்னு நினைச்சிருந்தேன். எல்லாத்துலயும் தப்புன்னு சொல்லாம இருந்திருந்தீங்கன்னா நான் இன்னிக்கு நிம்மதியாத் தூங்கியிருப்பேன். அந்தக் கோவம் எனக்கு உண்டு, ஆறவும் ஆறாது. முதல்ல என் பூட்டை மாத்துங்க. அப்புறம் மத்தவங்க வாசல்ல நான் உக்காருறேன். உங்க வீட்டு ஆளை நம்பாதவங்க என்னை நம்பட்டும். இந்தத் தெருவுல உக்காந்து பழக்கம் எனக்குத்தான் இருக்கு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நர்ஸம்மாவும் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு ஒன்றிரண்டு பேராக வந்தார்கள்.

அந்த வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது நீண்டது. வெள்ளம் பார்க்க வந்தவர்களும் உதவி கொண்டுவந்தவர்களும் போய்விட்டார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் அடுப்பு அணைந்தது. சாவிக்காரர் படுதாவை மடிக்கவில்லை. இந்தத் தரம் ஒவ்வொரு பூட்டிலும் தகடுகளை வேறு வேறாக அடுக்கினார். பூட்டுக்கு உரியவரையே சாவியைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். அது போதாதென்று, அதுவரை முடித்த பூட்டுகளில் எல்லாம் அந்தச் சாவியைப் போட்டுத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார். ஹாரன் வண்டி வாடகைக்குப் போகாத நேரமெல்லாம் அடுத்தவர் வாசலில் உட்கார்ந்தான். அவன் அக்கா ஒரு வாசலில், தையல்காரம்மா ஒரு வாசலில். எதிரும் புதிருமாக உட்கார்ந்து இருவரும் ஊர்க்கதை எல்லாம் பேசித் தீர்த்தார்கள்.

"ஏண்டா தம்பி, உன் மாமா வேற தெருவுலயும் இந்த மாதிரி தப்புப் பண்ணினா நல்லா இருக்கும். எனக்கும் பொழுது போகுது" என்றாள் அக்கா.

சந்தை முனையில் குடை விரியாமல் கிடந்தது. மறுபடி விரித்தபோது பழைய கூட்டம் வரவில்லை. சேதி பரவியிருந்தது. "ஒரே சாவி போட்டுக் குடுத்தாரே, அவர்தானே" என்று விலகிப் போனவர்கள் உண்டு. போகப் போகச் சிலர் திரும்பினார்கள். கால்வாய்த் தெருக்காரர்கள் எங்கெங்கிருந்தோ ஆட்களைக் கூட்டிவந்தார்கள். பேக்கரிக்காரர் கடைசிவரை வரவில்லை. எங்கிருந்தோ ஒரு பெரிய பூட்டாக வாங்கி மாட்டிக்கொண்டார். ஹாரன் அதைப் பற்றிக் குறைப்பட்டால், "அவர் பயம் அவருக்கு. அந்தப் பயத்தைக் குடுத்தவன் நான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார் சாவிக்காரர்.

சில வருஷம் கழித்து, தொலைவிலிருந்த வேறோர் ஊருக்குள் தண்ணீர் புகுந்தது. செய்தி வந்த மறுநாள் காலையிலேயே சாவிக்காரர் பெட்டியைக் கட்டினார். உடம்பு முன்போல இல்லை. மாடி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். அக்கா தடுத்துப் பார்த்தாள். "அங்கயும் வாசல்ல உக்காந்திருப்பாங்க" என்றார், அவ்வளவுதான். ஹாரனின் மனைவிக்குப் பிள்ளை பிறக்கும் நேரம், அதனால் அவனால் கூடப் போக முடியவில்லை. பஸ் நிலையம்வரை வண்டியில் கொண்டுபோய் விட்டான்.

அந்த ஊரில் அவர் ஒரு தெருவை முடித்து, அடுத்த தெருவில் பாதி வரை வேலை செய்திருந்தார். மத்தியானம் ஒரு வீட்டுப் படியில் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தவர், அப்படியே கண் மூடிவிட்டார். முகத்தில் வேதனை எதுவும் இல்லை என்று அந்த வீட்டார் சொன்னார்கள். ஹாரன்தான் தன் வண்டியில் போய் உடலைக் கொண்டுவந்தான். வழி நெடுக ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை. மிச்சமிருந்த பாதித் தெருவை, சாவிக்காரரிடம் முன்பு தொழில் பழகிய ஒருவரைக் கூட்டிப்போய், காரியம் எல்லாம் முடிந்த பிறகு முடித்துக் கொடுத்துவிட்டு வந்தான்.

பஸ் கிளம்புவதற்கு முன் மாமா சொன்னதை மட்டும் அவன் அடிக்கடி சொல்வான். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். சாவிக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, உடம்பைப் பார்த்துக்கொள் என்றோ, அக்காவைப் பார்த்துக்கொள் என்றோ சொல்வார் என்று ஹாரன் காத்து நின்றான்.

"மாப்ள, நம்ம தெரு மீன்காரம்மா வீட்டுக் கதவு ஈரத்துல ஊதி நிக்குது. வெளிய இருந்து தள்ளினா திறக்கும், உள்ள மாட்டிக்கிட்டா இழுக்க முடியாது. பாதி இழைச்சு வச்சிருக்கேன். நான் வரட்டும்னு பார்க்காதே, இன்னிக்கே போய் மீதியை முடிச்சுடு. அரையும் குறையுமா விட்டது யாருன்னு அந்தம்மா கேட்கும். நான்தான்னு சொல்லு."